மூலையில் போட்ட தீனி

எங்கள் வீட்டுக் கூடத்தில், கடல்மீன் தொட்டியின் இடப்பக்க ஓரமாக, நீல நிறப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று கிடக்கும். குளியலறையில் துணி துவைக்க வாங்கியது. என் மாமனார் அதை எடுத்து வந்து போட்டுக்கொண்ட நாளிலிருந்து அது அவருடையதாகிவிட்டது. சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்ததும், காபி டம்ளரோடு அதில் உட்கார்ந்து தொட்டியைப் பார்ப்பார். நல்ல நாற்காலி இருக்கிறதே என்றால், "இதுல உட்கார்ந்தாதாம்மா அதுங்க மூஞ்சி தெரியுது" என்பார். மீனுக்கு ஏது மூஞ்சி என்று நான் சிரித்திருக்கிறேன்.

தொட்டி என் ஆசை. பாறை இடுக்குகளுக்கு நடுவே கூட்டமாகத் திரியும் குரோமிஸ் என்ற சின்ன மீன்கள். ஒரு பக்கம் திரும்பினால் பச்சை, மறுபக்கம் திரும்பினால் நீலம். அலுவலகம் விட்டு, பல்லாவரத்து நெரிசலில் நொந்து வீடு வந்தால், அவை ஒன்றாகத் திரும்புவதைப் பார்த்தாலே பாதி அலுப்புப் போய்விடும். உப்புக் கலப்பது, தண்ணீரைச் சோதிப்பது, கரண்ட் போனால் பதறுவது என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எல்லாம் தெரிந்தவள் என்ற மிதப்பும் கூடவே வந்து சேர்ந்தது.

பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. ஒரு காலை, மாமா தொட்டி மூலையில், பம்புக்குப் பின்னால், ஒரு சிட்டிகைத் தீனி போடுவதைப் பார்த்துவிட்டேன். நான் அப்போதுதான் போட்டிருந்தேன். மிஞ்சும் தீனி அழுகினால் தண்ணீர் நஞ்சாகிவிடும். "மாமா, நீங்க போட்டுப் போட்டுத்தான் எல்லாம் சாகுது. இனிமே தொட்டிப் பக்கமே வராதீங்க" என்றேன். என் மகளும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் டப்பாவை மூடி, விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அந்த ஒண்ண மத்ததுங்க திங்க விடலம்மா, அதான்..." என்று ஆரம்பித்தார். "அது கூட்டமா வாழற மீன், மாமா. படிச்சுட்டுத்தான் வாங்கினேன்" என்று நறுக்கென்று முடித்துவிட்டேன். முக்காலி குளியலறைக்குத் திரும்பியது. கொஞ்ச நாளில், ஒரு மாறுதலுக்கு என்று சொல்லி, அவரும் கீழ்க்கட்டளையில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். "அப்பாவ எதாவது சொன்னியா?" என்று கணவர் கேட்டார். "மீனப் பத்திதான்" என்றேன்.

மாமா போன பிறகும் மீன்கள் செத்தன. தண்ணீரில் குறையில்லை. தீனியும் நான் அளந்து போட்டதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டிக் கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் துடைக்க முக்காலியை எடுத்து வந்து உட்கார்ந்தேன். நின்று பார்த்தால் பாறை மறைக்கும் அந்தப் பம்பு மூலை அப்போதுதான் கண்ணில் பட்டது. அங்கே வால் கிழிந்த மீன் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. அது வெளியே தலைகாட்டியபோதெல்லாம் கூட்டத்தில் பெரியது பாய்ந்து விரட்டியது. தொட்டிக்குள் அடைபட்டால் இந்த வகையில் வலுத்தது இளைத்ததை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். மாமா அந்த இளைத்ததற்குத்தான் மூலையில் தீனி போட்டிருக்கிறார்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். கீழ்க்கட்டளை என்ன சீமையிலா இருக்கிறது? போனில் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். இதை மட்டும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். தப்பு என்னுடையது என்று அவரிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான். மாரடைப்பு முந்திக்கொண்டது.

காரியம் முடிந்த அன்று ஓரகத்தி பேச்சுவாக்கில் சொன்னார்: "கோயில் குளத்துக்குக் கூட்டிட்டுப் போவோம். மீனுக்குப் போடச் சொல்லி பொரிய வாங்கிக் கையில குடுத்தாலும் போட மாட்டாரு. என் கை மீனுக்கு ஆகாது, நீயே போடும்மான்னுடுவாரு. ஏன்னே தெரியல." எனக்குத் தெரியும். எச்சில் இலைகளை எடுக்கத் தொடங்கினேன்.

முக்காலி இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது. காலையில் காபியோடு நான்தான் அதில் உட்காருகிறேன். மூலை காலி. தொட்டியில் மிஞ்சியது அந்தப் பெரியது மட்டும். தீனிக்காகக் கண்ணாடியருகே வந்து என்னையே பார்க்கிறது. மாமா சொன்னது சரிதான், இங்கே உட்கார்ந்தால் மூஞ்சி நன்றாகத் தெரிகிறது.