டீச்சர் கொடுத்த தேன்

அடையாறில் எங்கள் மொட்டை மாடி அவரைக்கொடி பூத்திருந்த சமயம். அசுவினிப் பூச்சி அப்பியிருந்ததால், தம்பி வயலுக்கு அடிக்கும் மருந்தை வாங்கி வந்து, காலையில் பூக்களின் மேலேயே அடித்துவிட்டேன்.

மதியம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் முறத்தோடு வந்தார். அவர் பெட்டி வைத்து வளர்த்த தேனீக்கள் அதில் குவிந்து கிடந்தன. சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

"ஏதாவது மருந்து அடிச்சீங்களா மாலா?"

"இல்லையே டீச்சர்."

நம்பிவிட்டார். மறுவாரம் பெட்டியைக் காலி செய்தவர், முன்பே எடுத்து வைத்திருந்த கடைசி பாட்டில் தேனை என்னிடம் நீட்டினார். "உங்க பூவுல எடுத்ததுதானே, நீங்களே வெச்சுக்கங்க."

இப்போதெல்லாம் நான் மருந்தே அடிப்பதில்லை. பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். அந்த பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. உண்மையை நேரில் சொல்லவும் வாய் வரவில்லை.

இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையைத்தான் டீச்சரும் வாங்குகிறார்.