தேயிலை இல்லாத ஏழு நாள்

1. கடை திறந்த நாள்

மலேசியாவில், கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டில் நான் டிராவல்ஸ் கடை திறந்த அன்று உள்ளே வந்த முதல் ஆள், தானா ராத்தாவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு, கழிவறையையும் பயன்படுத்திவிட்டுப் போனார். இரண்டாவது ஆளுக்கு ஸ்ட்ராபெரி எங்கே மலிவு என்று தெரிய வேண்டியிருந்தது. மூன்றாவதாக வந்தது என் மனைவி, சோற்றோடு.

அதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருடம் மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிராணியாக இருந்தேன். ஆபீஸ் குமாஸ்தாதான், எங்கள் பக்கம் இன்னும் அந்தப் பழைய பெயரே ஓடுகிறது. விடியும் முன்னே பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நான் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்து அனுப்புவேன். ஓய்வு பெற்றதும் வீட்டில் கூப்பிடுவதற்கு மனைவி பெயர் ஒன்றுதான் இருந்தது, அவளும் பதில் சொல்வதில்லை. ஆட்களை வண்டியில் ஏற்றி இறக்குவதும் பெரட்டு மாதிரிதானே என்று நினைத்து இந்தத் தொழிலுக்கு வந்தேன். அந்த நினைப்பால் நான் பட்டதை, புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

2. அஞ்சலையின் நிபந்தனை

உருப்படியாக வந்த முதல் வாடிக்கை அஞ்சலை. எங்கள் எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவள். மகள் கவிதா ஈப்போவில் நர்ஸ். அவள்தான் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கோலாலம்பூரையே அஞ்சலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள், இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு. அடுத்த மாதம் இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன்.

“அங்கிள், அம்மா வாழ்க்கையில எடுக்கிற முதல் சூட்டி இது. கெடுத்துறாதீங்க” என்றாள் கவிதா. சூட்டி என்றால் எங்களுக்கு விடுமுறை.

இலங்கை என்று முடிவானது. பாஷை தெரியும், கோயில் இருக்கிறது, சுற்றிலும் கடல். அஞ்சலையும், கூட வேலை செய்த பெண்களும், அவர்கள் வீட்டுக்காரர்களுமாகச் சேர்ந்து எட்டுப் பேர். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அஞ்சலை வாயைத் திறந்தாள்.

“கிராணி, எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. தேயிலைச் செடி ஒண்ணுகூட என் கண்ணுல படக்கூடாது. முப்பது வருஷம் பாத்தாச்சு லா.”

உலகத்துக்கே தேயிலை அனுப்பும் நாட்டுக்குப் போய்த் தேயிலையைப் பார்க்காமல் திரும்ப வேண்டும். புத்தியுள்ளவன் தாய்லாந்துக்கு மாற்றியிருப்பான். நான் ஆகட்டும் என்றேன்.

3. திட்டம்

வரைபடத்தை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் மலை நாடு முழுவதையும் அடித்தேன். நுவரெலியா போச்சு, ஹட்டன் போச்சு, எல்லோரும் படம் பிடித்துப் போடுகிற அந்த மலை ரயிலும் போச்சு. தேயிலை குளிரில்தான் வளரும் என்பது கேமரன்காரனுக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். ஆகவே தெற்குக் கடற்கரை. வியர்வை வழிகிற ஊர், தென்னை மரம், மீன். தேயிலைக்கு அங்கே என்ன வேலை?

மற்றதெல்லாம் சரியாகவே செய்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தெற்குக் கரைக்கு டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போக வேண்டும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் மழை. விசாவைக் கிளம்பும் முன்பே ஆன்லைனில் முடித்துவிட வேண்டும். கொழும்பிலிருந்து காலி ஊருக்குப் போகும் ரயிலில் வலது பக்கம் உட்கார வேண்டும், கடல் அந்தப் பக்கம்தான். ஆட்டோவில் ஏறும் முன் வாடகையைப் பேசிவிட வேண்டும், இறங்கிய பிறகு பேசினால் அது சண்டை. மேப் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு என்று போட வேண்டும். வளைந்து வளைந்து எங்கள் மலைக்கு ஏறும் தாப்பா ரோட்டில் ஆட்களை வாந்தி எடுக்க வைத்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

போய் இறங்கியதும் ஹோட்டலில் டீ கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று ஹோட்டலுக்கும் ஈமெயில் அனுப்பினேன்: இந்தக் குழுவுக்கு டீ வேண்டாம், இளநீர் கொடுங்கள். ஒரு மேனேஜர், இது மத விஷயமா, மருத்துவ விஷயமா என்று கேட்டுப் பதில் போட்டார். இரண்டும் என்று எழுதினேன்.

ஏழு நாளுக்கும் மணி வாரியாக நிகழ்ச்சி நிரல் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஹோட்டல் வாசலில் ஆஜர்.

4. காலை ஆறு மணி

ஆறு மணிக்கு வேன் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிடுவேன். ஆள் விட்டுப் போகக்கூடாது, பாருங்கள். எட்டுப் பேரும் வரிசையாக நின்று “இருக்கேன்” என்பார்கள். என் குரல் இன்னும் கெடவில்லை என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். வேன் டிரைவர் சுனில் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். நான் பட்டாளத்தில் இருந்தவனா என்று அவர் விசாரித்தபோது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

காலிக் கோட்டை, ஆமை வளர்க்கும் இடம், திமிங்கலம் பார்க்கப் படகு, இரண்டு கோயில். மூன்று நாளில் ஒன்றும் விட்டுப் போகவில்லை. அஞ்சலை எல்லாவற்றுக்கும் வந்தாள். கோட்டைச் சுவரில் சாய்ந்து தூங்கினாள். படகில் தூங்கினாள், திமிங்கலம் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது. கோயில் தூணடியில் தூங்கினாள். வயசாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அவளைவிட எனக்கு ஐந்து வயது கூட.

5. குறுக்கு வழி

நான்காம் நாள் கடற்கரைச் சாலையில் ஏதோ பாலம் ரிப்பேர். உள்ளே புகுந்து போய்விடலாம் என்று சுனில் வண்டியைத் திருப்பினார். தென்னை, பலா, கறுவாப்பட்டைத் தோட்டம். கடலை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு வளைவு திரும்பியதும், தென்னை மரத்தடியில், முதுகெல்லாம் வேர்வை ஊறுகிற அந்தச் சூட்டில், இடுப்பு உயரத்துக்கு மட்டமாகக் கவாத்து வெட்டின பச்சைச் செடி, மேடு முழுக்க.

இது என்ன செடி என்று சுனிலிடம் கேட்டேன், வேறு ஏதாவது பெயர் சொல்ல மாட்டாரா என்ற ஆசையில். தேயிலைதான், எங்கள் வீட்டிலும் அரை ஏக்கர் இருக்கிறது என்றார். நிறுத்தாமல் ஓட்டச் சொன்னேன். போட்டோவுக்கு நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து, நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்தினார். நான் பாய்ந்து போய், நிகழ்ச்சி நிரல் அட்டையை அஞ்சலை பக்கத்து ஜன்னலில் வைத்து மறைத்தேன். கிராணியாக இருந்தவன் செய்கிற காரியமா அது?

அவள் விழித்துக்கொண்டாள். அட்டையை விலக்கிப் பார்த்தாள். இறங்கிப் போய் ஒரு செடியைத் தொட்டு, “கொழுந்து முத்திப் போச்சு” என்றாள். நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். கடலோரத்தில் தேயிலை வளரும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன்.

“செடி என்னா பண்ணுச்சு கிராணி? அன்னைக்கு உங்க முன்னால எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தேயிலைன்னு சொல்லிட்டேன்” என்றாள். “கவிதா வயித்துல இருந்தப்ப மழையில வழுக்கி விழுந்து, பெரட்டுக்குப் பத்து நிமிஷம் லேட்டா வந்தேன். நீங்க என் பேர அடிச்சிட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டீங்க. அதுலேர்ந்து ஒரு நாள்கூட நான் விடியிற வரைக்கும் படுத்ததில்ல. இங்க வந்தும் ஆறு மணிக்கு அதே குரலு.”

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. எத்தனையோ பெயரை அடித்திருக்கிறேன். இவள் இத்தனை வருடம் சுமந்த ஒன்றை நான் அன்று மதியமே மறந்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

“சண்டை போட வரல” என்றாள் அஞ்சலை. “இன்னும் மூணு நாள் இருக்கு. என்னைத் தூங்க விடுங்க, அது போதும்.”

6. ஐந்தாம் நாள்

அன்று மாலை எல்லோரிடமும் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் பழக்க தோஷம், நாலரைக்கே விழிப்பு. ஆறு மணிக்கு ஹோட்டல் வாசலில் தனியாக நின்றேன். நாக்கில் எட்டுப் பெயரும் வரிசையாக வந்து நின்றன. கஷ்டப்பட்டு விழுங்கினேன். மற்றவர்கள் எட்டு, ஒன்பது என்று ஒவ்வொருவராகக் கடல் பக்கம் போனார்கள். பத்தரைக்கு அஞ்சலை கைலியோடு, தலைகூட வாராமல் வந்து, மணலில் கிடந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் போய், “அன்னைக்கு நான் பண்ணது தப்பு, அஞ்சலை” என்றேன்.

கால் இரண்டையும் நாற்காலியில் நீட்டிக்கொண்டாள். பிறகு, “நாளைக்கும் கூப்பிடாதீங்க” என்றாள்.

கூப்பிடவில்லை. ஆறாம் நாள் அவள் வந்தபோது பதினொன்று அடித்திருந்தது.

ஆகவே பிள்ளைகளே, வாடிக்கையாளர் எதைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னாலும், அந்தப் பட்டியலில் நாமும் இருக்கிறோமா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது என் கடையில் போடுகிற எந்தத் திட்டத்திலும் காலை ஒன்பதுக்கு முன் ஒன்றும் கிடையாது.

ஏழாம் நாள் மட்டும் தப்ப முடியவில்லை. விமானம் காலையில். எட்டுப் பேரையும் ஐந்து மணிக்கு எழுப்பியே ஆக வேண்டும். ஏழு பேர் கதவை நான் தட்டினேன். அஞ்சலையை எழுப்பச் சுனிலை அனுப்பிவிட்டு, குரல் கேட்காத தூரத்தில் போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டேன்.