அரை அங்குலம்

எனக்கு மறதி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்னைப் பற்றி உயர்வாக நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். இவர் காலை யாராவது மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். கார் பட்டறையில் தகரம் தட்டுகிற வேலை. நசுங்கிய கதவு, மடங்கிய மட்கார்டு, துருப்பிடித்து ஓட்டையான தரை, எது வந்தாலும் சுத்தியலால் தட்டி வெல்டிங் வைத்துப் பழையபடி ஆக்கிவிடுவார். ஒரே முதலாளியிடம் பத்தொன்பது வருஷம் இருந்தார். அத்தனை வருஷத்தையும் அந்த மனிதர் ஒரே காலையில் குப்பையில் கொட்டினார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பழைய கூபே ஒன்று இருந்தது. இரண்டே கதவு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, பார்க்க அழகான வண்டி. அதை 'ஷூட்டிங் பிரேக்' ஆக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதாவது முன்னால் கூபேயாகவே இருக்க வேண்டும், கூரை மட்டும் வால் வரைக்கும் நீண்டு, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு வர வேண்டும். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் துப்பாக்கியையும் நாயையும் பின்னால் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போன வண்டி மாதிரி. முதலாளி உடனே சரி என்றார்.

இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "கூரையை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு இருக்கிற இடத்துல குறுக்கே இரும்புக் குழாய் வச்சு வெல்டிங் பண்ணணும். ரெண்டு நாள் குடுங்க." கூபேயின் கூரை வெயிலுக்கு மட்டும் இல்லை, வண்டியின் இடுப்பையே அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெறுமனே வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இரண்டரை வருஷம் இதையே கேட்டுக்கொண்டு சமைத்தவள் நான்.

மறுநாள் இவருக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்துவிட்டார். முதலாளிக்கு அவசரம். வண்டிக்கு முன்னால் ஒரு ஜாக்கி, பின்னால் ஒரு ஜாக்கி கொடுத்துத் தூக்கி நிறுத்தி, தானே கிரைண்டரை எடுத்து, குழாயும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் கூரையை அறுத்துவிட்டார். வண்டி நடுவில் இறங்கியது. இரண்டு கதவும் மூடவில்லை. அரை அங்குலம் முட்டிக்கொண்டு நின்றது.

அதற்கு அடுத்த நாள் காலை இவர் வேலைக்குப் போகிறார். முற்றத்தில் கண்ணாடிக்கடைக்காரர் நிற்கிறார். ஆட்கள் ஏழு பேர், பெயிண்டர் உட்பட. முதலாளி இவரைக் கை நீட்டிக் காட்டினார். "இவர் அளவெடுத்ததுலதான் சார் அரை அங்குலம் தப்பு. வயசாச்சு, கண்ணு மங்கிடுச்சு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்." ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் இரக்கப்பட்டு, "கடைக்கு வாங்க, கண்ணு டெஸ்ட் நான் சும்மாவே பண்ணித் தர்றேன்" என்றாராம். அந்த இரக்கம்தான் எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

இவர் சுத்தியல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நீங்க வெட்டலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அத்தனை பேர் முன்னாடி முதலாளியைப் பொய்யர்னு எப்படிம்மா சொல்றது?"

அன்றைக்கு நான் கறுவ ஆரம்பித்தேன். இவருக்கும் சேர்த்து.

பேர் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. உதிரிபாகக் கடையில் இவர் போய் நின்றால், "யப்பா, அரையங்குலம் வந்திருக்காரு, என்ன வேணும்னு கேளு" என்பான் கல்லாவில் இருப்பவன். ஒரு பட்டறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் பஸ் டிப்போவில் சீட்டுக் கம்பிகளுக்கு வெல்டிங் வைக்கிற வேலை கிடைத்தது. ஒரு நாள் எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "அப்பாவை ஏன் அரையங்குலம்னு கூப்பிடறாங்க?" என்று கேட்டாள். இவர் சிரித்துச் சமாளித்தார். நான் அடுப்பங்கரைக்குப் போய், முதலாளியின் குடும்பத்தையே வாயில் போட்டு மென்றேன்.

அந்த வாரமே இவர் கண்ணாடிக்கடைக்காரரிடம் போய், "அந்த வண்டியை எனக்குத் தர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். தொலைந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூரையில்லாத அந்த உருப்படியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் விட்டார்கள். துணி துவைக்கிற மெஷின் வாசலுக்கு வந்தது. நான் முணுமுணுக்கக்கூட இல்லை. பழிவாங்க மெஷின் என்ன, கட்டிலையே வெளியே போடுவேன்.

டிப்போவில் காலை ஷிப்ட். மதியத்துக்கு மேல் ஷெட். முதல் நான்கு மாதம் இவர் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. வண்டியின் அடிவயிற்றில், கதவுக்கு நேர் கீழே, இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்தார். ஒரு நாளைக்குக் கால் திருப்பு. அவ்வளவுதான். திருப்பிவிட்டுக் கதவை மூடிப் பார்ப்பார், இடுக்கில் விரலை ஓட்டுவார், எழுந்துவிடுவார். "இன்னும் ரெண்டு திருப்பு திருப்பினா என்னங்க?" என்பேன். "தகரத்துக்கு அவசரம் தெரியாதும்மா. இழுத்தா கிழிஞ்சிடும்." ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ஒரு விரலால தள்ளு." தள்ளினேன். க்ளக் என்று ஒரே சத்தம். கதவு மூடிக்கொண்டது. நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை, அந்த ஏழு பேரும் அங்கே இல்லையே என்ற ஆத்திரத்தில்.

அப்புறம்தான் கதவுகளைக் கழற்றி, அந்த இடத்தில் குறுக்கே குழாய்களை வைத்துப் பற்றவைத்தார். உள்ளே போக வேண்டுமானால் குனிந்து, நுழைந்து, சர்க்கஸ் பண்ண வேண்டும். கூரையின் வளைவைத் துணி காயப்போடும் கம்பியை வளைத்து வளைத்தே தீர்மானித்தார். தகரத்தை வைத்துத் தட்டுவதற்கு மணல் மூட்டை வேண்டுமாம். என் தோல் கைப்பையில் மணலை நிரப்பித் தைத்துவிட்டார். கல்யாணத்துக்கு எங்கள் அண்ணன் கொடுத்த பை. "நல்ல தோல்" என்று பாராட்டு வேறு. பழைய வேன் ஒன்றின் கூரையில் இருந்து தகரம் வந்தது. ஒரு முனையை இவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, எத்தனை ஞாயிற்றுக்கிழமை நின்றிருப்போம்! பின்கதவுக்குக் கீல் மட்டும் மூன்று தடவை மாற்றினார். இரண்டரை வருஷம் கழித்து, கரும்பச்சை நிறத்தில், முன்னால் கூபேயாகவும் பின்னால் நீண்ட கூரையாகவும் அது தெருவுக்கு வந்தபோது, எங்கே வெட்டினார்கள் எங்கே ஒட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

உதிரிபாகக் கடைத் தெருவுக்குத்தான் முதலில் போகச் சொன்னேன். கல்லாக்காரன் வெளியே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பிரமாதம்" என்றான். ஆனால் போகும்போது, "அரையங்குலமா இது பண்ணது!" என்றான். அந்தப் பேர் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பேர் போவது. மற்றபடி வண்டி எப்படி இருந்தால் எனக்கென்ன?

நாய் டாக்டரம்மா ஒருவர் அந்த வண்டியை மார்க்கெட் வாசலில் பார்த்திருக்கிறார். அவரிடமும் ஒரு பழைய கூபே. நாய்களை ஏற்றிக்கொண்டு போகத் தோதாக அதையும் இப்படிச் செய்ய வேண்டும் என்று பழைய பட்டறைக்கே போய் விசாரித்தவரிடம், முதலாளி கூசாமல், "நம்ம பட்டறை ஆளு பண்ணதுதான்மா. கொண்டாங்க, பண்ணிடலாம்" என்றிருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பெயிண்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு முதலாளி கூரையை வெட்டப்போறாரு. அன்னைக்குக் குழாய்னு ஏதோ சொன்னாரே, எங்க வைக்கணும்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அவர் இருக்காரா?"

ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. இவர் அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வந்து எங்கே, எத்தனை குழாய் என்று தாளில் வரைந்தே கொடுத்திருப்பார். இவர் அப்படிப்பட்டவர்.

"வீட்ல இல்லைண்ணே. வர நேரமாகும்" என்றேன்.

தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டியவருக்கு, தப்பு எது என்று எப்படித் தெரியும்? அரை அங்குலம் அளவில்தான் பிசகியது என்று தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி, அளவை மட்டும் பத்துத் தடவை எடுத்திருக்கிறார் முதலாளி. முன்னால் ஒரு ஜாக்கி, பின்னால் ஒரு ஜாக்கி. வெட்டினார். வண்டி தொய்ந்தது. கேள்விப்பட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்று பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று இவர் கேட்டதற்கு, சும்மாதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி பழக்கூடையோடு வந்தார். நான் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பழைய கதை, பத்தொன்பது வருஷப் பாசம், எல்லாம் பேசினார். "நீ வந்து பார்த்தாப் போதும். டாக்டரம்மா போலீஸ்ங்கிறாங்க."

இவர் உருகிவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் உருகவில்லை. "வர்றேன். அதுக்கு முன்னாடி, அன்னைக்குச் சொன்ன அதே இடத்துல, அன்னைக்கு இருந்தவங்க முன்னாடி, யாரு வெட்டினதுன்னு சொல்லுங்க. கண்ணாடிக்கடை சாரையும் கூப்பிடுங்க."

சொன்னார். அடுத்த நாள், அதே முற்றத்தில். நானும் போயிருந்தேன், இருக்கிறதிலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு. "அன்னைக்கு வெட்டினது நான்தான். குழாய் வைக்கச் சொன்னாரு, நான் கேக்கலை. அளவு சரியாத்தான் இருந்துச்சு." குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "சத்தமா" என்றேன் நான். மறுபடியும் சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்றுதான் தோன்றியது.

இவர், தொய்ந்த தன் வண்டியின் பக்கத்தில் நின்றிருந்த டாக்டரம்மாவிடம் திரும்பினார். "வண்டியை என் வீட்டுக்கு அனுப்புங்கம்மா. உங்களுக்காகப் பண்றேன், இந்தப் பட்டறைக்காக இல்லை." அப்புறம் பெயிண்டரைப் பார்த்து, "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேண்ணே?" என்றார்.

"வந்தேனேப்பா. வீட்ல இல்லைன்னு..." பெயிண்டர் என்னைப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இவரும் என்னைப் பார்த்தார். வண்டியில் ஏறி, ஒரு விரலால் கதவை மூடினார். பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நான் ஷெட்ல இருந்தேன்ல?"

"ஆமா."

"கூப்பிட்டிருக்கலாம்."

"கூப்பிட்டிருக்கலாம்."

"அந்தம்மா நமக்கு என்ன பண்ணாங்க?"

நான் என் நல்ல புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மாவின் வண்டி எங்கள் ஷெட்டில் நிற்கிறது. துணி துவைக்கிற மெஷின் மறுபடி வாசலில். ஜாக்கி திருப்புகிற வேலையை இவர் என்னிடம் விட்டுவிட்டார். ஒரு நாளைக்குக் கால் திருப்பு. இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். அரையங்குலம் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கல்லாக்காரன் "வாங்கண்ணே" என்கிறான். முதலாளி பட்டறையை வாடகைக்கு விடப்போகிறார் என்று கேள்வி. அதில் எனக்கு வருத்தம் ஒரு பொட்டுகூட இல்லை.

ஆனால் சனிக்கிழமைதோறும் டாக்டரம்மா வண்டியைப் பார்க்க வருகிறார். நான் எண்ணெய்க் கையோடு ஜாக்கி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, போன வாரம் என் தோளைத் தொட்டார். "யாருக்கோ வந்த கஷ்டம்னு இருக்காம, தினமும் நீங்களும் கூட நின்னு பண்றீங்களே. உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!"

வண்டிக்கு அந்தப் பக்கம் இவர் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் ஒரு கணம் நின்றது. இவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முதலாளிக்காக அன்றைக்கு எப்படி வாயை மூடிக்கொண்டாரோ, அதே மாதிரி எனக்காகவும் மூடிக்கொண்டார். சுத்தியல் மறுபடி தட்ட ஆரம்பித்தது. நான் தலையைக் குனிந்து ஜாக்கியைக் கால் திருப்பு திருப்பினேன்.