லூர்து அக்காவின் சோற்றுச் சட்டி

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. நம் நாடகக் குழுமத்தில், மேடையில் கரண்டியோடு அவர் நிற்கும் படம். அதற்குக் கீழே, ‘லூர்து அக்கா காலமானார்’ என்று ஒரு வரி. அடுத்த நிமிடமே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கைகளில் ஒன்றாவது கடந்த ஓர் ஆண்டில் செரண்டாவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதா? என் கையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அவரை மேடையில் மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்தை முதலாளிகள் விற்றதும் செரண்டாவுக்கு வந்து, தொழிற்சாலையில் கையுறை அடுக்கியவர். நான் எழுதிய நாடகத்தில், வேலை போன ஒரு தோட்டக் குடும்பத்தின் தாயாக நடித்தார். மூன்றாம் காட்சியில் வீட்டில் அரிசி இல்லை. தாய் மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஒத்திகையில் தாளை மடித்து வைத்துவிட்டார்.

“என்னாடா எழுதியிருக்க? பிள்ளைங்க முன்னுக்கு எந்த அம்மாடா ஒக்காந்து அழுவா? சட்டி இருக்கா இல்லையா? இருந்தா பந்தி போட்டுறலாம்.”

மறுநாள் தன் வீட்டு அலுமினியச் சோற்றுச் சட்டியையே கொண்டுவந்தார். ஒன்றுமில்லாத அந்தச் சட்டியில் கரண்டியை விட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாறினார். லயத்து வீடு பெரிய ஓட்டலாகிவிட்டது. “ஒனக்கு நண்டு. செகிஞ்சான் கடல்லருந்து காலையிலதான் வந்துச்சு. ஓடு பத்திரம், கையக் கிழிச்சிரும். ஒனக்கு என்னா, மீனா, கோழியா? மெதுவா கேளு, பக்கத்து மேசையில தொரைங்க ஒக்காந்துருக்காங்க.” அந்தக் காட்சிக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரை ஒரு நாளும் கேட்கவில்லை.

மாதா திருவிழாவுக்குத் தேவாலய மண்டபத்தில் நாடகம் போட்டோமே, அந்த மாலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவுக்கு இது நாடகம் என்பதே மறந்துபோனது. சமையல்கட்டிலிருந்து ஒரு தட்டு நிறையச் சோறும் கறியும் அள்ளிக்கொண்டு நேராக மேடையேறிவிட்டார். “பிள்ளைங்களுக்கு மொதல்ல குடும்மா. வெளையாட்டெல்லாம் அப்புறம்.” லூர்து அக்கா முகம் மாறாமல் தட்டைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. “அய்யோ, வேணாம்க்கா. இப்பதான் சாப்பிட்டோம். வயிறு ஃபுல் லா.” மண்டபமே எழுந்து கைதட்டியது. எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று நானும் பூரித்துப்போனேன். நடிப்பாம்!

ஒத்திகை முடிந்து நாங்கள் ரொட்டி சானாய் சாப்பிடக் கிளம்பும்போதெல்லாம் அதையேதான் சொல்வார். “நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்டா தம்பி, நீங்க போங்க.” கால் புண் ஆறாமல் வேலையை விட்டபோது, “மக சிங்கப்பூர்ல வீடு பாத்துட்டா, அடுத்த மாசம் போயிருவேன்” என்றார். அந்த அடுத்த மாதம் ஒரு வருடமாக வரவில்லை. அந்த நாடகத்தை எழுதிய மேதாவி நான், அப்படியே நம்பினேன். ‘அக்காவுக்கு என்னா, ராணி மாதிரி போகப் போகுது’ என்று குழுமத்தில் எழுதியவர்களும் இதைப் படிப்பீர்கள்.

அக்கா மீதும் எனக்குக் கோபம்தான். இறந்தவரைத் திட்டக் கூடாதாம். திட்டுவேன். எங்களையும் பிள்ளைகளாக்கி உட்காரவைத்து, வெறுஞ்சட்டியில் பரிமாறிவிட்டுப் போய்விட்டீர்களே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று எழுதிவிட்டு, அந்த வரியை அடித்துவிட்டேன். ஏனென்றால் கேட்டார்.

ஐந்து மாதங்களுக்கு முன்பு போன் செய்தார்.

“தம்பி, அந்தச் சட்டியக் கொண்டாந்து குடுடா.”

“என்னாக்கா அவசரம்? உலு யாம்ல அடுத்த ஷோ இருக்குல்ல. ஒங்களுக்குப் புதுசே வாங்கித் தரேன்லா.”

சிரித்தார். “சரிடா, இருக்கட்டும். சும்மாதான் கேட்டேன்.”

உலு யாமில் நாடகம் நடக்கவில்லை. புதுச் சட்டியும் நான் வாங்கவில்லை. பழையது என் காரின் பின்பக்கம் உருண்டுகொண்டு கிடந்தது.

அடக்கத்தன்று பக்கத்து வீட்டு சாந்தி என்னிடம் வந்தார். “நாடகக்காரங்க நீங்கதானா? ரைஸ் குக்கர் கெட்டுப்போனதுலருந்து, பாவம், பால்மாவு டின்னுலதான் சோறு ஆக்குச்சு. நான் சட்டி குடுத்தாலும் வாங்காது. ‘எஞ்சட்டி நாடகத்துல இருக்கு, வந்துரும்’னு சொல்லும்.” சிங்கப்பூர் மகள் வரவில்லையா என்று கேட்டேன். “அவ பேசியே ஆறு வருசமாச்சு” என்றார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். அந்தச் சட்டிக்கு மாலை போட்டு மேடையில் வைக்கலாம் என்று குழுமத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அதற்கும் கும்பிடும் கைகள். தர மாட்டேன்.

அக்காவின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறீர்கள். சட்டியைத்தான் வைத்திருக்கிறேன். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அவர் திருப்பிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.