கேரியரைப் பிடித்து ஓடியவள்

போன வருடம் மழைக்காலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ஈரத் தண்டவாளத்தில் பைக் வழுக்கி விழுந்தேன். வலது முழங்கால் சில்லில் விரிசல். ஆறு வாரம் கட்டு, அதன்பிறகு வீட்டுக்குள்ளேயே நடை. நான் ஒரு செராமிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை அது. கால் மடங்காமல் அங்கே போவதில் அர்த்தமில்லை. பிசியோதெரபி பார்த்த பெண், தினமும் காலையில் மெதுவாக சைக்கிள் மிதிக்கச் சொன்னார்.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு சைக்கிள். அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். லேடீஸ் சைக்கிள் என்பதால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரண்டு டியூபையும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டதும் வண்டி தயாராகிவிட்டது. நான்தான் தயாராகவில்லை. சிறு வயதிலிருந்து சைக்கிள் ஓட்டியவன், ஏறி உட்கார்ந்தும் தரையில் ஊன்றிய காலை எடுக்கவில்லை.

என் மனைவி பின்னால் வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"வுட்றாத."

"வுடல. நீங்க மிதிங்க."

எங்கள் நகர் ஊருக்கு வெளியே, வயலைப் பிளாட் போட்டு வந்தது. ஐந்து தெரு. பாதிக்குத்தான் தார் ரோடு. மீதியில் பள்ளம் விழுந்த இடங்களில் கம்பெனிகளில் உடைந்துபோன பீங்கான் துண்டுகளைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். அதன்மேல் சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் முழங்காலில் சுருக்கென்று வலிக்கும். தினமும் ஐந்தரை மணிக்கு அந்த ஐந்து தெருவையும் சுற்றி வந்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்குப் போக வேண்டும் என்பதால் அன்று மட்டும் லீவு.

முதல் வாரம் அவள் நடந்தே வந்தாள். இரண்டாவது வாரம் நான் கொஞ்சம் வேகம் கூட்டியதும் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கேரியரைப் பிடித்து ஓடினாள். மூன்றாவது வாரம் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "கைய எடுத்துடு, நானே போயிடுவேன்" என்றேன். எடுத்துவிட்டாள். ஆனால் நிற்கவில்லை. அடுத்த தெரு முனையிலும் பக்கத்திலேயே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அதான் வுட்டுட்டியே, ஏன் ஓடியாற?"

"தெரியல. நிக்கத் தோணல."

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. ஸ்கூலை விட்டபிறகு பஸ்ஸைப் பிடிக்கத் தவிர ஓடியதில்லை. மகளுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு, பீரோவில் அவள் விட்டுப்போன இரண்டு சுடிதாரை எடுத்துத் தையலைப் பிரித்து உடம்புக்குச் சரிசெய்தாள். கடைவீதியில் மூன்று கடை ஏறி ஒரு ஷூ வாங்கினாள். பொம்பளைங்க சைஸில் ஓடுகிற ஷூ இல்லை என்று சொல்லி, கடைசிக் கடைக்காரர் ஸ்கூல் பையன்கள் போடுகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

தெருவில் பார்த்தவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என் சைக்கிளை நிறுத்தி, "ஏன் சார், நீங்க சொகுசா சைக்கிள்ல போறீங்க, அம்மாவ இப்படி ஓட வுடறீங்களே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்குள் தங்கிவிட்டது.

இரண்டு மாதத்தில் அவள் எனக்கு முன்னால் போக ஆரம்பித்தாள். முதலில் பத்தடி. பிறகு ஒரு தெரு. நான் தெரு முனைக்கு வரும்போது அவள் அங்கே இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி நிற்பாள். என் முகத்தைப் பார்த்ததும் மறுபடி ஓடுவாள். எனக்காகத்தான் நிற்கிறாள் என்று தெரியும். அது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத்தானே கால் சரியாக வேண்டும், எனக்காகத்தானே இதைத் தொடங்கினோம் என்று தோன்றியது. வெளியே சொல்ல முடியாத சின்னப் புத்தி.

ஒருநாள் செக்கப்புக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன். "இனிமே ரோட்டுல போவ வேணாமாம். வூட்டுலயே கால நீட்டி மடக்குனா போதும்னு சொல்லிட்டாங்க" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

அவள், "சரி" என்றாள். மறுநாள் காலை அவளும் எழுந்து போகவில்லை. நான் இல்லாமல் தனியாகப் போக அவளுக்குத் தோன்றவில்லையோ, போகக்கூடாது என்று நினைத்தாளோ. நான் கேட்கவில்லை. மூன்று வாரம் அப்படியே போனது. கால் மறுபடி இறுக ஆரம்பித்தது. அடுத்த செக்கப்புக்கு அவளும் கூட வந்தாள்.

"கால் டைட்டா இருக்குதே. சைக்கிள் ஓட்டுறீங்களா இல்லியா?" என்று பிசியோதெரபி பெண் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் என் மனைவி சொன்னாள்: "நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களாமே."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

ஆட்டோ பிடித்து வந்தோம். வீட்டுக்கு வந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் முன்னால ஓடுனது உங்களுக்குப் புடிக்கல. அதான?"

ஆமாம் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் இன்னொரு பொய்யாகிவிடும்.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம். உங்க காலுக்காகத்தான் நான் வந்தேன். நடுவுல எப்ப எனக்கே அது வேணும்னு ஆச்சுன்னு தெரியல. இருவது வருஷத்துல காலையில எந்திரிக்கிறப்ப சந்தோஷமா இருந்தது அந்த ரெண்டு மாசந்தான். அதையும் வுட்டுட்டு, டாக்டரு சொன்னாங்கன்னு உங்களுக்குக் கால் புடிச்சி வுட்டுட்டு இருந்தேன்."

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. நான் தப்புதான் என்றேன். "தப்புன்னு சொல்லி என்ன ஆவுது. நாளைக்கு நான் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து அரிசி களையப் போனாள்.

மறுநாள் ஐந்து மணிக்கே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. படுத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து எழுந்து சைக்கிளை எடுத்தேன். நகருக்குள் ஒரு தெருவிலும் அவள் இல்லை. மெயின் ரோட்டுக்கு வந்து, கருவேப்பிலங்குறிச்சி பக்கம் திரும்பி மிதித்தேன். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி, சாலையோரமாக எதிரே ஓடி வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து நிற்கவில்லை. "மெதுவா வாங்க, லாரி வருது" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பின்னால் வந்தேன்.

அதற்குப் பிறகு அதுதான் வழக்கமாகிவிட்டது. எனக்காக அவள் எங்கேயும் நிற்பதில்லை. நிற்க வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன். அதற்கடுத்த மாதம் மூன்றாவது தெருவில் இருக்கும் ஒரு நர்ஸ் அவளோடு சேர்ந்துகொண்டார். இப்போது நான்கு பேர் ஓடுகிறார்கள். நாயைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசிக்கொண்டே போவார்கள், பாதி தூரத்தில் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கும்.

எனக்குக் கால் முக்கால்வாசி மடங்குகிறது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். தரையில் சம்மணம் போட இன்னும் முடியவில்லை.