அம்மாவின் விரதமும் அக்காவின் எலிகளும்

அக்காவுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவேண்டும் என்று அந்த வருடம் அம்மா பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடித்தார். இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு, கையில் நூற்காப்பு. அதோடு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலைக்கும் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அக்கா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியையின் ஆய்வுகூடத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்தாள். நாங்கள் குடியேறியிருந்த நாட்டில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு நல்ல புள்ளிகள் மட்டும் போதாது. இப்படி ஓரிடத்தில் வேலை செய்து, அங்குள்ள பேராசிரியர் நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும். அந்த இடத்துக்காக அவள் நீண்ட நாள் காத்திருந்தாள். மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று அம்மா கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். என்ன ஆராய்ச்சி என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

விரதம் தொடங்கிய மறுநாள் அக்கா விரலில் பிளாஸ்டரோடு வந்தாள். எலி கடித்ததாம். எலிகளுக்கு ஊசி போடுவதும், பிறகு அவற்றைக் கொன்று ஈரலை எடுப்பதும்தான் தன் வேலை என்று சாதாரணமாகச் சொன்னாள். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அது பிள்ளையாரின்ரை வாகனமெல்லே, பிள்ளை."

"அம்மா, இது லாபிலை வளர்க்கிற வெள்ளை எலி."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "வெள்ளைக்கார எலியப்பா. எங்கடை பிள்ளையார் அதிலை ஏறமாட்டார்."

அம்மா சிரிக்கவில்லை. "நான் உனக்காகப் பட்டினி கிடக்கிறன், நீ அவரின்ரை வாகனத்தைக் கொல்லுறியோ? காப்பு அவிழ்க்கும்வரைக்கும் தொடாதை. பிறகு என்னவும் செய்."

நாள் தவறாமல் ஊசி போடவேண்டும், இடையில் விட முடியாது என்று அக்கா வாதாடிப் பார்த்தாள். அடுத்த நாள் வேலையால் வந்த அம்மா, குளிர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். அக்கா குனிந்து அதைக் கழற்றிவிட்டாள். பிறகு, "சரி அம்மா" என்றாள்.

பேராசிரியை கோபிக்கவில்லையாம். மத நம்பிக்கையை மதிக்கவேண்டும் என்று சொல்லி, எலிகளை இன்னொரு மாணவனிடம் ஒப்படைத்துவிட்டார். விரதம் முடிந்து அக்கா போனபோது அவன் அந்த வேலையில் நன்றாகத் தேறியிருந்தான். இவளுக்குக் கொடுக்க அங்கே வேலையும் இருக்கவில்லை, எழுதித் தர நாலு வார்த்தையும் இருக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகுதான் இதை எனக்குச் சொன்னாள். அப்போதும், அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றாள்.

பேராசிரியையிடம் சொல்லிவிட்டு அக்கா வந்த அன்று அம்மா கேட்டது இதுதான்: "அந்த மனிசி என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை அம்மா. நல்ல மனிசி."

அம்மா சுவாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

எந்தப் பல்கலைக்கழகமும் அக்காவை நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. தன் விரதத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்த அம்மா, மறுவருடம் இன்னும் கடுமையாகப் பிடித்தார்.

எனக்கோ அந்தக் குளிர்காலம் சந்தோஷமாகப் போனது. அக்கா தினமும் இருட்டுமுன் வீட்டுக்கு வந்து என்னைப் பூங்காவுக்குப் பனிச்சறுக்கக் கூட்டிப்போனாள். ஒருநாள் அவளிடம் ஒரு ரகசியம் சொன்னேன். அம்மா விரதமிருந்தபோது நானும் பிள்ளையாரிடம் ஒன்று கேட்டிருந்தேன், அக்கா நேரத்தோடு வீட்டுக்கு வரவேண்டும் என்று. "அவர் என்ரை வேண்டுதலைத்தான் முதல் கேட்டவர்" என்றேன் பெருமையாக.

அக்கா குனிந்து என் சறுக்குச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததை அவிழ்த்து, திரும்பவும் முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள். அவள் எப்போது நிமிர்வாள், எப்போது சறுக்கலாம் என்று நான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன்.