சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட கார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். கார் துடைத்த கதையில் சாமியைக் கொண்டுவந்து நிறுத்துகிறானே என்று நீங்கள் சிரிப்பீர்களோ என்ற கூச்சம்தான். போன வாரம் காரைக்காலில் மகனுடைய வண்டியைக் கழுவக் கொடுத்திருந்தோம். கடைக்காரர் பிசைந்த மாவு மாதிரி ஓர் உருண்டையை ஈரக் கதவில் தேய்த்துத் தேய்த்துத் தார்ப்புள்ளிகளை எடுத்தார். அந்தத் தார் வாசனை மூக்கில் ஏறியதும் கூச்சம் போய்விட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் கோட்டுச்சேரியில் ஒருவருடைய வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வண்டி. மகாலட்சுமி என்று கும்பிட்டுக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் சாவியே போடுவேன். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி, பக்திக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பட்டினச்சேரியில் மீன் விற்கும் பாக்கியம் அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டி. வீட்டுக்காரரைக் கடலில் பறிகொடுத்துவிட்டு ஒற்றை ஆளாய் நின்று செய்கிறார் அக்கா. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கோ குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. வண்டி பளிச்சென்று வராவிட்டால் பையன் ஏறமாட்டான் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்.

நான் அன்றைக்கென்று பார்த்துப் புதுத் தார் போட்ட சாலையில் வண்டியை விட்டுவிட்டேன். கரும்புள்ளி செம்புள்ளி குத்தியதில் செம்புள்ளி மட்டும்தான் பாக்கி. அக்கா வீட்டு வாசலில் நிறுத்திச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. ஒருவர் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். பளபளப்பும் போய்விடும், மாப்பிள்ளையும் ஸ்டவ் மாதிரி மணப்பார் என்று தடுத்துவிட்டேன்.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். நல்லெண்ணெய். நேற்று வெள்ளிக்கிழமை பெண்ணுக்குத் தேய்த்த மிச்சம். படகுக்குத் தார் பூசிய கையை எண்ணெய் போட்டுத்தானே துடைக்கிறோம் என்றார்.

எனக்கு வேறு கவலை. “அக்கா, வண்டி மகாலட்சுமியாச்சே. பொம்பளைங்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் ஆகாதுங்களே?”

“மாப்பிள்ளையச் சுமக்கப்போற வண்டி தம்பி. இன்னைக்கு ஒருநாள் அது ஆம்பளைன்னு வச்சுக்குங்க.”

திருநள்ளாறு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பழைய வேட்டித்துணியோடு உட்கார்ந்தார்கள். எண்ணெய் ஊறட்டும், அழுத்தாதீங்கடி என்று அக்கா அதட்டிக்கொண்டே இருந்தார். தார் இளகி வழித்துக்கொண்டு வந்தது. சீயக்காய் போட ஒருத்தி ஓடினாள், கீறல் விழும் என்று நிறுத்தி ஷாம்பூ பாக்கெட்டுகளைப் பிரித்தேன்.

தாய்மாமன் வண்டியை முழுசாய்ச் சுற்றிவந்தார். கடைசியில் கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டு, “ஏறுப்பா” என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

இப்போது மாப்பிள்ளைகள் நேராக மண்டபத்தில் போய் இறங்கிவிடுகிறார்கள். அந்த வண்டி இல்லை, அக்காவும் இல்லை. கதை மட்டும் ஊரில் சுற்றுகிறது. திருநள்ளாற்று நளதீர்த்தத்துத் தண்ணீர் பட்டுத் தார் தானாய் உதிர்ந்ததாம். சாமி துணையிருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தேய்த்தது பாக்கியம் அக்கா வீட்டுப் பெண்கள். நீங்கள் யாருக்காவது சொன்னால், தயவுசெய்து அவர்கள் கையை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.